அஞ்சாப்பெட்டி

விமான நிலையப் பாதுகாப்பு மேசையில் பெட்டி இரண்டாம் முறையும் சிவந்தது. "உரிமையாளர் அச்சத்தில் இருக்கிறார். இன்னும் ஒரு வாய்ப்பு" என்று ஊரே கேட்கும்படி அறிவித்தது.

கயற்கண்ணிக்கு மானம் போனது. அந்தப் பெட்டியை வடிவமைத்தவளே அவள்தான். விமான நிலையங்களில் பைகளைச் சோதிக்கும் புதிய கதிர்வாயில், எந்தத் தரவுச் சேமிப்பையும் நொடியில் துடைத்துவிடும் என்றான பிறகு, கதிர் புகாத அஞ்சாப்பெட்டி இல்லாமல் யாரும் பயணம் போவதில்லை. யாரும் மிரட்டித் திறக்க வைக்க முடியாது என்பதுதான் அதன் பெருமை. விரல் வைப்பவரின் நாடியில் பயம் தெரிந்தால் திறக்காது. மூன்றாம் முறையும் தெரிந்தால், உள்ளே இருப்பதை எரித்துவிடும். ஆய்வகத்தில் நாற்பது பேரை வைத்துச் சோதித்தாள். உள்ளே வைத்ததோ கேண்டீன் உணவுப் பட்டியல்! அதற்கு யார் பயப்படுவார்கள்? தேறிவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இன்று உள்ளே ஒரு சின்னக் குப்பியில் இருப்பது அவள் கணவன் நன்மாறனின் நினைவுப்பதிவு. விபத்துக்கு முன் எடுத்தது. சட்டப்படி ஒரே பிரதிதான், இணையத்தில் அனுப்பவும் தடை. சிங்கப்பூர் மருத்துவமனையில் அவன் தன் பெயர்கூடத் தெரியாமல் படுத்திருக்கிறான். நாளை இதை மூளையில் ஏற்றினால் அவளை அடையாளம் கண்டுகொள்வான்.

"உள்ள ஒரு பார்வை பாத்தா போதும் மேடம், விட்டுடுவேன்" என்றார் அதிகாரி ரெஜினா. குரலில் நிஜமான இரக்கம் இருந்தது.

"திறக்கலைன்னா?"

"பெட்டியை உடைச்சு, உள்ள இருக்கறதைக் கதிர்வாயில்ல போட்டுடுவாங்க. சட்டம் அப்படி, நான் என்ன பண்ணட்டும்? தண்ணி குடிங்க. பயப்படாதீங்க."

சொன்னால் போய்விடுமா பயம்? கண்ணை மூடி மூச்சை எண்ணினாள். பதினொன்றில் நன்மாறன் முகம் வந்தது, நாடி எகிறியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் விரலை வைத்தாள்.

உள்ளே சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூடி வழியே சூடு விரலில் ஏறியது.

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டார். கயற்கண்ணிக்கு அழக்கூட வரவில்லை. ஏழு வருட வாழ்க்கை இனி அவள் ஒருத்திக்கு மட்டும்தான் நினைவிருக்கும்.

"மன்னிச்சுடுங்க மேடம். இருந்தாலும்... திறந்து காட்டித்தான் ஆகணும்."

மீண்டும் விரலை வைத்தாள். இனி பயப்பட என்ன இருக்கிறது? நாடி சீராக அடித்தது. பெட்டி உடனே திறந்துகொண்டது.

ரெஜினா குனிந்து கருகிய குப்பியைப் பார்த்தார். "சரியா இருக்கு மேடம்" என்றார் தாழ்ந்த குரலில். "நீங்க போலாம்."