வாசிக்காத வாசகர்கள்

காலையில் மேசையோடு ஒட்டித் தள்ளிவிட்ட கதிரைகள் நான்கும் பின்னேரம் ஒரு சாண் வெளியே நின்றன. நூலகர் தர்சினி அதைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் நிற்கும் அந்தக் கிளை நூலகத்துக்கு மூன்று நாளாக ஈ காக்கை வரவில்லை. வந்தாலும் யார்? பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்க்க நாலு கிழடுகள், இலவச வைஃபைக்காக மதிலோரம் குந்தும் நாலு தறுதலைகள். கடைசியாக இரவல் போன புத்தகம் சமையற் குறிப்பு. அதுவும் நண்டுக்கறிப் பக்கம் கிழிந்துதான் திரும்பி வந்தது.

ஆனால் நூலகத்தை நடத்தும் பிரதேச சபைக்கு வாசகர்கள் வேண்டும். செயலாளர் என்கிற அந்தப் பெரிய மூளை, ஒவ்வொரு கிளையும் படம் பகிரும் தளத்தில் ஒரு பக்கம் திறந்து, வாசகர்கள் வாசிக்கும் படங்களைக் கிழமைதோறும் ஏற்றவேண்டும் என்று கட்டளை போட்டிருந்தது. "வாசகர் இல்லையெண்டா கிளையை மூடிப்போடுவம் பிள்ளை. உம்மைத் தீவுப் பக்கம்தான் மாத்தவேணும்" என்றும் சொல்லியிருந்தது. தீவுக்குப் போனால் ஏழு வயது நிவேதனாவை யாரிடம் விடுவது? தகப்பன் கட்டாருக்குப் போனவன், போனவன்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை நேரே இங்கே வந்து, கடைசி மேசையில் கலர் அடித்துக்கொண்டு ஆறு மணிவரை இருக்கும். அந்த ஒரு சீவனைப் பக்கத்தில் வைத்திருப்பதற்காகத்தான் இத்தனை மடையர்களையும் தர்சினி சகித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே வாசகர்களைத் தானே செய்தாள். நூலகத்தில் தட்டுப்பாடில்லாத ஒரே சாமான் நினைவு மலர். செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்து, மிஞ்சியதை இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். அட்டையில் செத்தவரின் முகம், பின்னால் நீல வானம், பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. உள்ளே, உயிரோடு இருந்தபோது எட்டியும் பாராத பிள்ளைகள் வழவழப்புத் தாளில் கவிதையாக அழுதிருப்பார்கள். தர்சினி நாலு அட்டைகளைப் போனில் படம் பிடித்து, முகங்களை அதிலேயே வெட்டினாள். பழைய பரிசளிப்பு விழாப் படமொன்றில் இதே மேசையைச் சுற்றிப் புத்தகங்களோடு இருந்த நாலு பேரின் கழுத்துகளில் ஒட்டினாள். படு மட்டமான வேலை. நாலு பேரும் புத்தகத்தைப் பாராமல் நேரே முன்னால் பார்த்தார்கள். இந்த ஊருக்கு இவ்வளவு காணும் என்று ஏற்றிவிட்டாள்.

செயலாளர் பாராட்டினார். முந்நூறு பேருக்குப் பிடித்திருந்தது. முந்நூறு பேரிலும் ஒருத்தருக்குக் கண் இல்லை. ரொறொன்ரோவிலிருந்து றஜிதா என்ற ஒருத்தி மட்டும் கீழே எழுதியிருந்தாள்: "இடப்பக்கம் இருக்கிறவர் என்ரை அப்பா தம்பிஐயா. மாசியிலை செத்தவர். ஆரின்ரை உடம்பிலை அவரைக் கொண்டந்து வைச்சிருக்கிறியள்?"

தர்சினி அதை உடனே அழித்தாள். தகப்பனின் செத்தவீட்டைப் போனில் பார்த்துக்கொண்டே கோப்பி ஊற்றிக் குடித்திருப்பாள், இப்போது பாசம் பொத்துக்கொண்டு வருகிறதாம்.

அது திங்கட்கிழமை. இன்று வியாழன். தர்சினி கதிரைகளை மறுபடி உள்ளே தள்ளிவிட்டுத் தன் மேசைக்கு வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு பதிவுப் புத்தகத்தைப் பிரித்தபோது, வெளியே வாழையிலைகள் காற்றில் உரசும் சத்தத்துக்கு அடியில், சீமெந்துத் தரையில் மரக்கால்கள் மெல்ல மெல்ல இழுபடும் சத்தமும், பூட்டிய அலுமாரியைத் திறந்தால் வருவதுபோன்ற புழுங்கிய மணத்தோடு கலந்து கற்பூரமும் பன்னீரும் சேர்ந்த செத்தவீட்டு மணமும் வந்தன. திரும்பினாள். கதிரைகள் ஒரு சாண் வெளியே நின்றன.

"நிவே, கதிரையை இழுத்தனியே?"

"இல்லை அம்மா." பிள்ளை கலர்ப் பென்சிலை விட்டுத் தலை நிமிரவில்லை. "இவை எப்பம்மா வீட்டை போவினம்?"

"ஆர்?"

"வாசிக்காமல் சும்மா இருக்கினமே, அவை."

தர்சினி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. போனின் கமராவைத் திறந்து வெறும் மேசையை நோக்கிப் பிடித்தாள். முகம் தெரிந்தால் கமரா ஒரு மஞ்சள் சதுரம் போடும். வெறும் கதிரைகளுக்கு மேலே நாலு சதுரங்கள் விழுந்தன. மலிவுப் போனின் புத்தி என்று திட்டினாள். அலுமாரிக்குப் போய் நினைவு மலர்களை இழுத்து எடுத்தாள். முதல் அட்டையில் நீல வானம். குத்துவிளக்கு. பெயர். முகம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நாலிலும் வெறும் வானம்.

தர்சினிக்குப் பயம் வந்தது. தீவுக்கு மாற்றட்டும். எங்கே வேண்டுமானாலும் மாற்றட்டும். போனில் நூலகத்தின் பக்கத்தைத் திறந்தாள். படத்தைத் தொட்டாள். அழி.

நிச்சயமாகவா என்று கேட்டது.

ஓம். ஓம்.

நாலு கதிரைகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. பிறகு ஒரு சத்தமும் இல்லை. வாழையிலைகூட அசையவில்லை. அட்டைகளைப் பார்த்தாள். கனகாம்பிகையின் முகம் திரும்பி வந்திருந்தது. செபநாயகம் வந்திருந்தார். சிவக்கொழுந்தும் வந்திருந்தார்.

தம்பிஐயாவின் அட்டையில் இன்னும் வானம்தான்.

படத்தில் அவர் இருந்த உடம்பு அழிந்துவிட்டது. ஆரின்ரை உடம்பிலை என்று மகள் கேட்டது தர்சினிக்கு இப்போதுதான் உறைத்தது. கமராவைத் தூக்கினாள். கதிரைகளில் சதுரம் இல்லை. மெல்லத் திருப்பினாள். கடைசி மேசை. ஒரு சதுரம்.

"நிவே?"

வெள்ளைச் சீருடை. இரட்டைப் பின்னல். சிவப்பு ரிபன். குனிந்த தலை.

"நிவே, அம்மாவைப் பார்."

தலை நிமிர்ந்தது. சிவப்பு ரிபன்களுக்கு நடுவில், சவரம் செய்து, விபூதி பூசிய, எழுபது வயது முகம். கண் இமைக்கவில்லை. நேரே பார்த்தது. அந்தப் பாரத்தில் மெல்லிய கழுத்து ஒரு பக்கம் மடிந்து மடிந்து சரிந்தது. சின்ன விரல்கள் இன்னும் கலர்ப் பென்சிலைப் பிடித்திருந்தன.

அசையாத உதடுகளுக்குப் பின்னாலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது.

"அம்மா, எனக்குக் கழுத்து நோகுது."