பன்னிரண்டாவது அழுகை

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு பாங் தல்ஹோ நாற்பது கோடி வீடுகளில் ஒரே சமயத்தில் அழுதுகொண்டிருந்தார். அதே ஆறு மணிக்கு, சியோல் நகரத்து அடுக்ககம் ஒன்றின் பதினேழாம் மாடியில், அசல் பாங் தல்ஹோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

எல்லாம் சாயலி என்ற இயந்திரத்தின் வேலை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன், கொரியத் தொடர்களில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், தல்ஹோ தம் முகத்தையும் குரலையும் நடையையும் அதற்கு எழுதிக் கொடுத்தார். அது பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்தொடர் சமைத்துப் போட்டது. மதுரையில் ஒரு பல் மருத்துவர் அம்மாளுக்காக அவர் மீசை வைத்து, தமிழ் பேசி, கடைவாய்ப் பல்வலியோடு வந்து நின்றார். நார்வேயில் ஒரு மீனவருக்காக நாளைக்கு மூன்று முறை கடலில் விழுந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: திரைக்கு முன்னால் ஒரு முகம்தான் இருக்கலாம். இரண்டு முகம் தெரிந்தால் யாருக்காக நடிப்பதென்று சாயலி குழம்பி அணைந்துவிடும். ஆகவே கணவன் கூடத்திலும் மனைவி சமையலறையிலும் மாமியார் குளியலறையிலுமாக, உலகமே தனித்தனியாக உட்கார்ந்து தல்ஹோவைப் பார்த்தது.

அசலை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அவர் இனி எங்கும் நடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். லிஃப்டில் ஒரு பெண் அவரை உற்றுப் பார்த்து, அந்த நடிகர் மாதிரியே இருக்கிறீர்கள், ஆனால் கொஞ்சம் சுமார் என்றாள். அந்த வருஷத்தில் அவரோடு ஒரு மனுஷப் பிறவி பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

அப்போதுதான் சாயலியை நடத்தும் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. பழைய படங்களிலிருந்து சாயலி கற்றுக்கொண்டது மொத்தம் பதினொரு அழுகை. ஜனங்கள், "இது நாலாம் நம்பர்" என்று கொட்டாவி விடத் தொடங்கிவிட்டார்கள். பன்னிரண்டாவது வேண்டும், மூன்று நாள் அவகாசம். வராவிட்டால் இயந்திரமே கணக்குப் போட்டு ஒன்றைச் செய்துகொள்ளும். அவரை இனிக் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது.

தல்ஹோ ஒரே சட்டையை ஏழு முறை இஸ்திரி போட்டார். படப்பிடிப்பு என்றால் அவருக்கு நினைவில் இருந்தது சந்தைக்கடை இரைச்சலும் காபி வண்டியும். நண்பர் நடிக்கிறார் என்றால், அவர் பெயரைப் பெரிதாக எழுதிக் கட்டிய காபி வண்டி ஒன்றைத் தளத்துக்கு அனுப்புவது அங்கே வழக்கம். இப்போது இருந்ததோ ஒரு வெள்ளை அறை, ஒரு லென்ஸ், கண்ணாடிக்குப் பின்னால் யூரிம் என்ற இளம் பொறியாளர். செத்துப்போன அம்மா, நாய், பூச்செடி எல்லாரையும் வரிசையாக நினைத்துப் பார்த்தார். இரண்டு நாளும் பாலைவனம்.

"ஐயா, ஏதாவது சோகமா நெனச்சுக்குங்களேன்" என்றாள் யூரிம்.

"சோகத்துக்கு என்னம்மா பஞ்சம்? ஆள்தான் இல்ல. லென்ஸுக்குப் பக்கத்துல யாராவது நிக்கணும்."

ஒருவர் முகத்தை மட்டும் எடுக்கும்போதும், கூட நடிப்பவர் படத்தில் விழாமல் லென்ஸுக்குப் பக்கத்தில் நின்று தன் வசனத்தைச் சொல்லிக் கொடுப்பார். பதினொரு அழுகையும் அப்படி நின்ற ஒருவரைப் பார்த்து வந்தவைதான். பெரும்பாலும், அவருக்கு ஜோடியாக நடித்த மா கும்சிலைப் பார்த்து. யூரிம் உடனே கும்சிலின் சாயலை அங்கே வரவழைத்தாள். முப்பது வயது, தேவதை. தல்ஹோவின் கண் காய்ந்தே இருந்தது.

அவர் பூசான் நகரத்தில் இருந்த கும்சிலுக்குத் தொலைபேசினார்.

மூன்றாம் நாள் காலை அசல் கும்சில் வந்தார், குடம் போன்ற ஒரு பிளாஸ்க்கோடு. நெஞ்சில் ஒரு துவாலை. அதில் கோணல்மாணலாக 'பாங் தல்ஹோ'.

"சன்பே, காபி வண்டி வந்தாச்சு" என்றார். தொழிலில் மூத்தவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "திரையில வாராவாரம் நமக்குக் கல்யாணம் நடக்குது. ஒரு தடவைகூட என்னைச் சாப்பிடக் கூப்பிடலையே நீங்க?"

அவர் லென்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதால் தாளை எட்டப் பிடித்து, வசனத்தை முள்ளெடுப்பது போல எழுத்தெழுத்தாகப் படித்தார். பாதியில் சலித்துத் தாளைத் தாழ்த்தினார்.

"எளைச்சுப் போயிட்டீங்க. காலையில சாப்பிட்டீங்களா?"

பன்னிரண்டாவது அழுகை வந்தது. நாலு நிமிஷம். பக்கத்து அறையில் மூன்று கருவிகள் அளக்க முடியாமல் நின்றுபோயின.

காபி குடித்தார்கள். கும்சில் மூன்று மணி ரயிலில் போய்விட்டார், பிளாஸ்க்கை மறந்து.

அடுத்த செவ்வாய் நாற்பது கோடி வீடுகளில் தல்ஹோ புதிதாக அழுதார். ஆனால் அவர் பார்வை பார்ப்பவர் மேல் இல்லை; ஒரு முழம் தள்ளி, பக்கத்தில் இருந்தது. நான் இங்கே இருக்க, இவர் யாரைப் பார்த்து அழுகிறார் என்று ஒவ்வொருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மதுரைப் பல் மருத்துவரின் பக்கத்தில் துவைத்த துணி குவிந்த ஒரு நாற்காலி இருந்தது. நார்வேக்காரரின் பக்கத்தில் அதுகூட இல்லை. நிறுவனம் பார்வையை நேராக்கிப் பார்த்தது. நேராக்கியதும் கண்ணீர் நின்றுவிட்டது.

மறுவாரம் பல் மருத்துவர் துணிகளை மடித்து வைத்து, எதிர்வீட்டு அம்மாளைக் கூட்டிவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். இரண்டு முகம் கண்டு சாயலி அணைந்தது. அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை, பேச்சு அப்படி. இப்படியே வீடு வீடாக, மாதக் கடைசிக்குள் நாற்பது கோடித் திரைகளும் இருண்டன.

சியோலில் தல்ஹோ, பிளாஸ்க்கை என்ன செய்ய என்று கேட்கிற சாக்கில், கும்சிலைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கே அக்கம்பக்கத்தார் கூட்டம், சிரிப்பு. எதுவும் காதில் விழவில்லை, அப்புறம் பேசுகிறேன் சன்பே என்றார் கும்சில்.

தல்ஹோ பிளாஸ்க்கைத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரையைப் போட்டார். அது தடங்கலில்லாமல் ஓடியது. அந்த வீட்டில் ஒரு முகம்தான் இருந்தது.