சிரிப்பு அடங்கும் வரை

கருகிப்போன டோஸ்ட்டைப் பார்த்து மேவிஸ் டெலானி தனக்குத்தானே ஏதோ கேலியாகச் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடித்ததும், பழக்கதோஷம், ஒரு நொடி நின்றாள். அந்த இடைவெளியில் யாரோ சிரித்தார்கள்.

வீட்டில் அவளைத் தவிர ஆள் கிடையாது. வெளியே பாலைவனக் காற்று இரண்டு நாளாக வான் நைஸ் நகரத் தெருக்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. யூகலிப்டஸ் வாசனையும் புழுதியும் மூடிய ஜன்னல் வழியாகக்கூட உள்ளே வந்தன, பனை மட்டைகள் கூரையில் விழுந்து உருண்டன, ஃபிரிட்ஜ் முனகுவதும் கதவுக் கண்ணாடி அதிர்வதும் சேர்ந்து வீடு முழுக்க யாரோ நடமாடுவது போன்ற ஒரு பொய்ச் சத்தத்தை உண்டாக்கின. பக்கத்து வீட்டு டி.வி.யாக இருக்கும் என்று அவள் முடிவுகட்டினாள். இந்தக் காற்றடிக்கும் நாட்களில் ஊரில் பாதிப் பேருக்கு மண்டை சரியாக இருப்பதில்லை.

அந்த ஒரு நொடி நிற்பதுதான் அவள் தொழில். பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்து எடுக்கும் நகைச்சுவைத் தொடர்களில் ஜோக்கைச் சொல்வது பெரிய காரியமில்லை. சொன்ன பிறகு சிரிப்பு அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும். சீக்கிரம் பேசினால் அடுத்த வசனம் சிரிப்பில் முங்கிப்போகும். தாமதித்தால் காட்சி செத்துவிடும். ஒன்பது வருடம், கதவைத் தட்டாமல் சமையலறைக்குள் நுழையும் பக்கத்து வீட்டுக்காரியாக மேவிஸ் நடித்தபோது, அவள் தலையைக் கண்டாலே ஜனங்கள் கை தட்டினார்கள். அதற்கப்புறம் சோப்புத்தூள் விளம்பரம். ஒரு துப்பறியும் தொடரில் பிணம். கடைசியாக ஓர் ஆஸ்பத்திரித் தொடரில், வசனமே இல்லாத நோயாளி. பிறகு ஃபோன் அடிப்பதே நின்றுபோனது.

இப்போது அடித்திருக்கிறது. புதுத் தொடர் ஒன்றில், ஒரே ஓர் அத்தியாயத்துக்கு மாமியார் வேடம். இயக்குநர் டெஸ் முப்பது வயதுப் பெண், பூசி மெழுகத் தெரியாதவள். வெள்ளிக்கிழமை ஜனங்கள் சிரித்தால் மாமியார் நிரந்தரம், சிரிக்காவிட்டால் மாமியார் கதையிலிருந்து கிளம்பி ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவாள் என்று நேராகவே சொல்லிவிட்டாள். மேவிஸுக்கு அந்த வேடம் வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும்.

அதனால் டோஸ்ட்டைக் குப்பையில் போட்டுவிட்டுச் சமையலறையிலேயே வசனத்தைப் பாடம் பண்ணினாள். முதல் ஜோக்கைச் சொல்லி நிறுத்தினாள். சிரிப்பு வந்தது, இந்த முறை மிக அருகில், சாப்பாட்டு மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து. முதலில் மூக்குக்குள் அடக்கிப் பார்க்கும் சிரிப்பு. பிறகு உடைத்துக்கொண்டு வரும். கடைசியில் மூச்சை உள்ளே இழுத்து ஒரு விக்கல். மேவிஸுக்குப் பயம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் வந்தது. அந்தச் சிரிப்பு அவளுடைய அக்கா வெர்னாவுடையது.

ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் வெர்னா வந்து உட்காருவாள். எல்லாருக்கும் முன்னால் அவள்தான் சிரிப்பாள்; கூட்டம் பின்னால் தொற்றிக்கொள்ளும். ஐந்தாவது வருடம் மூச்சுத்திணறலில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வாரக் கூட்டம் மந்தமாக இருந்தபோது, மேவிஸ் ஒலிப்பதிவுக்காரர் அர்வினிடம் போனாள். சிரிப்பு குறைகிற இடங்களில், பதிவுசெய்து வைத்த பழைய சிரிப்புகளை ஒட்டுவது அவர் வேலை. அக்காவின் சிரிப்பு பழைய டேப்புகளில் இருக்குமே, அதையே எடுத்துப் போடுங்கள் என்று கேட்டாள். அவரும் போட்டார். செத்துப்போனவளின் சிரிப்பு இன்னும் நாலு வருடம் நாடு முழுக்க வரவேற்பறைகளில் கேட்டது. மேவிஸுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அக்காவுக்கு ஓர் இடம் பிடித்துவைத்த திருப்திதான்.

ஆகவே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அடங்கவில்லை. சிரித்துச் சிரித்து அது இளைத்தது, இருமியது, காற்றுக்குத் தவித்தது, ஆனாலும் நிற்காமல் சிரித்தது. யார் அது என்று கேட்டாள். இன்னும் பலமாகச் சிரித்தது. போதும் என்றாள். அதற்கும்தான். கடைசியில் கையிலிருந்த வசனத் தாளைப் பார்த்து அடுத்த வசனத்தை வாசித்தாள்.

சட்டென்று நின்றது.

அந்த வாரம் முழுக்க இதுதான். அவள் வாயிலிருந்து கேலி தவறி விழுந்தால் போதும். மளிகைக் கடையில் பணம் வாங்கும் பெண்ணிடம் தர்பூசணியைப் பற்றி ஏதோ சொன்னாள், அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து அந்தச் சிரிப்பு கிளம்பியது. மேவிஸ் அவசரமாக, விட்ட இடத்திலிருந்து அடுத்த வசனத்தை ஒப்பித்தாள். "என் பெண்ணைக் கட்டிக்கிட்டவன் சூப்பைக்கூட மெல்லுவான்" என்று எதிரே நின்ற வயதான அம்மாள் சம்பந்தமில்லாமல் சொன்னதும், அந்தப் பெண் சில்லறையை எட்ட நின்று நீட்டினாள். தாளில் அவளுக்கு எப்போதும் அடுத்த வசனம் ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நாட்களைக் கடத்தினாள்.

வியாழக்கிழமை அர்வினுக்கு ஃபோன் செய்தாள். ஓய்வு பெற்று க்ளென்டேலில் ரோஜா வளர்த்துக்கொண்டிருந்தார். நலம் விசாரித்து, மழை வராததைப் பற்றிப் பேசி, சுற்றி வளைத்து அந்த டேப் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

"அத அப்பவே அழிச்சிட்டேன் மேவிஸ்."

"ஏன்?"

"நான் போடாத எடத்துலயும் வந்துச்சு. கடைசி வருஷம் பூரா உங்கக்கா டேப்ப நான் தொடவே இல்ல. நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

என்ன சொல்வதென்று தெரியாதபோது மேவிஸுக்கு ஜோக்தான் வரும். "அவ சம்பளம் கேக்காத வரைக்கும் சரி" என்றாள். சிரிப்பு ஃபோனுக்குள்ளிருந்து வந்தது. அர்வின் முனையிலும் கேட்டிருக்க வேண்டும். அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

டெஸ்ஸிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். ஃபோன்மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். இதை விட்டால் இந்த ஃபோன் இனி அடிக்கப்போவதில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளி மதியம் பர்பாங்க் ஸ்டூடியோவில் கடைசி ஒத்திகை. பெயின்ட் நெடி, ஆறிப்போன காபி, தலைக்கு மேல் சூடேறும் விளக்குகள். இருபது வருடத்துக்குப் பிறகும் இந்த வாசனை அவள் முதுகை நிமிர்த்தியது. காட்சி மருமகனாக நடிப்பவனின் வசனத்தோடு முடிந்தது; அந்த வசனம் ஈரத் துணி விழுந்த மாதிரி விழுந்தது. டெஸ் நெற்றியைத் தேய்த்தாள். நகைச்சுவை நடிகர்களில் காட்சியின் கடைசி வசனத்துக்கு ஆசைப்படாதவர் இல்லை. அதற்காக வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த அரிப்பு மேவிஸை விட்டுவைக்கவில்லை.

"அந்தக் கடைசி வசனத்த எங்கிட்ட குடுங்க. கூரை பிச்சுக்கும்."

டெஸ் சிரித்தேவிட்டாள். "எடுத்துக்குங்க மேவிஸ். அதுக்காகத்தான உங்களக் கூப்பிட்டேன்."

மாலையில், அலங்காரம் முடிந்து, ஒட்டுப்பலகை செட் வீட்டின் கதவுக்குப் பின்னால் இருட்டில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் கூட்டத்தை முன்கூட்டியே சிரிக்கவைத்துச் சூடேற்றுகிறவன் மிட்டாய் எறிந்துகொண்டிருந்தான், கால்கள் உரசின, நாற்காலிகள் கிறீச்சிட்டன, இருநூறு பேரின் கதகதப்பு பலகை இடுக்கு வழியாக முகத்தில் அடித்தது. மேவிஸ் மனதுக்குள் வசனங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். இது, பிறகு இது, பிறகு கடைசி. அதற்கப்புறம், சிரிப்பை நிறுத்த, தாளில் ஒன்றுமில்லை.

படப்பிடிப்பு விளக்கு சிவந்தது. கதவு திறந்தது.

அவளைக் கண்டதும் கை தட்டினார்கள். கால்கள் தாமாகவே, அவள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒட்டியிருந்த நீல நாடாவைத் தேடிப்போய் நின்றன. முதல் ஜோக்குக்கு இடம் அதிர்ந்தது. அதற்குள்ளே எங்கோ மூக்குக்குள் அடக்கிய அந்தச் சிரிப்பு. அடுத்த வசனம். நின்றது. மறுபடி சிரிப்பு, மறுபடி வசனம். கேமராக்களுக்குப் பின்னால் டெஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். வேடம் கிடைத்துவிட்டது, மேவிஸுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வசனத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாம். இயக்குநர் நிறுத்துவாள், திரும்ப எடுப்பார்கள், வேடம் போகும்.

சொன்னாள்.

கூரை பிய்த்துக்கொண்டுதான் போனது. பிறகு கூட்டம் மெல்ல அடங்கியது. ஒரு சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

தலைகள் திரும்பின. யாரென்று தேடின. இடப்பக்கம். வலப்பக்கம். அப்போது முன்வரிசையில் கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் மூக்குக்குள் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கிப் பார்த்தார். உடைத்துக்கொண்டு வந்தது. வெர்னாவின் சிரிப்பு. பக்கத்தில் அவர் மனைவி. பின்வரிசை. அதற்குப் பின்வரிசை. ஒரே சிரிப்பு. ஒரே குரல். ஆண்களின் வாயிலும் அதே குரல்.

"டெஸ், நிறுத்துங்க."

சிரித்தார்கள். டெஸ்ஸும் சிரித்தாள். கேமராக்காரர்களும். டெஸ்ஸின் கண்களில் சிரிப்பில்லை.

மேவிஸ் முதல் வசனத்தைச் சொன்னாள். நடு வசனத்தைச் சொன்னாள். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒருத்தி இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து மூடப் பார்த்தாள். கட்டம்போட்ட சட்டைக்காரரின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் கவனித்தாள். யாரும் மூச்சு இழுக்கவில்லை. அந்த விக்கல் வரவே இல்லை. வெளியே விட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"வெர்னா, வேணாம்க்கா."

அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

வாயைப் பொத்திக்கொண்டாள். நின்றாள். அசையவில்லை. கண் இமைக்கவில்லை. சிரிப்பு தேய்ந்தது. தேய்ந்து, நின்றது. இருநூறு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். ஈர முகங்கள். நீலம் பாரித்த உதடுகள். ஒருவரும் எழுந்து ஓடவில்லை. நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, கழுத்தை நீட்டி, அவள் முகத்தையே பார்த்தார்கள். கெஞ்சினார்கள். காத்திருந்தார்கள்.

விளக்குகளின் ரீங்காரம் மட்டும். மேவிஸின் நெஞ்சு எரிந்தது. அடக்கினாள். இன்னும் அடக்கினாள். கண் இருட்டியது. மூக்கு வழியாக, சத்தம் வராமல், துளி மூச்சு விட்டாள்.

அதற்கும் சிரித்தார்கள்.