நாற்பத்தோராம் எண் வாசகி

1991ஆம் வருடம், கார்த்திகை மழை. நாலரை மணிக்கே ஒரகடத்தில் விளக்கு தேட வேண்டியிருந்தது. பரசுராமன் கிளை நூலகத்தின் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கைக்குட்டையால் தலையைத் துவட்டியபடி உள்ளே போனான். ஏரிக்கரையை ஒட்டிய பழைய ஓட்டு வீடு அது. முன் அறையில் நூலகர் கோதண்டராமனின் மேசை, உள் அறையில் அலமாரிகள். இரண்டுக்கும் நடுவில் கதவு இல்லாத நிலை.

அவன் வந்தது தன்னுடைய நாவலைப் பார்க்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்துகொண்டு, ஓவர்டைம் இல்லாத நாட்களில் எல்லாம் உட்கார்ந்து ஒன்பது வருடம் எழுதிய நாவல், ‘மூடாத மதகு’. காஞ்சிபுரத்தில் ஒரு அச்சகத்தில் கொடுத்து அவனே போட்டான். சொந்தக்காரர்கள் வாங்கி பீரோமேல் வைத்தார்கள். மனைவி கங்கா பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள் கடைசிவரை படித்தால் போதும், பிறவிப் பயன் அடைந்துவிடலாம் என்று நினைத்து, மே மாதம் ஒரு பிரதியை இந்த நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தான்.

கோதண்டராமன் எடுத்துக் கொடுத்தது செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். கறுப்புக் காலிகோ அட்டை, முதுகில் வெள்ளைப் பெயிண்டில் ‘மூடாத மதகு’. பரசுராமன் ஆசையாகப் பிரித்தான். முதல் பக்கத்தில், எழுதியவர் செங்கமலம் என்று போட்டிருந்தது. அதன்கீழே மையில், வாத்தியார் கையெழுத்தில், உருண்டை உருண்டையாக: ‘நூலகத்துக்கு என் அன்பளிப்பு. செங்கமலம், ஆசிரியை, வடக்குப்பட்டு, 1958.’

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. அதே தலைப்பில் நூலகத்தில் ஏற்கெனவே ஒரு புத்தகம் இருந்திருக்கிறது. பதிவேட்டில் தலைப்பை மட்டும் பார்த்த கோதண்டராமன், பரசுராமனின் நாவலை இரண்டாம் பிரதி என்று எழுதிவிட்டார். இரண்டையும் பைண்டிங்குக்கு அனுப்பினால், பைண்டர் அதற்குமேல். ஒரே தலைப்பு, ஒரே அளவு, உள்ளே கதை வேறு. சரி, முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று முடிவுகட்டி ஒன்றாகத் தைத்துவிட்டான். ஒரே புத்தகத்துக்கு இரண்டு முகப்புப் பக்கம் எதற்கு என்று பரசுராமனின் பெயர் இருந்த தாளைக் கிழித்து எறிந்தும்விட்டான்.

ஒன்பது வருட உழைப்பு, எவளோ ஒருத்தியின் வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இப்போ இன்னா சார் பண்றது, தெச்சாச்சே” என்றார் கோதண்டராமன், தேங்காய் உடைத்த பிறகு அழுகலைப் பார்த்தவர்போல.

பரசுராமன் ஆத்திரத்தோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். அங்கே ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்ததும் ஆத்திரம் பாதியாய் இறங்கியது. ஜூன் மாதம் பைண்டிங்கிலிருந்து வந்ததிலிருந்து, பதினான்கு நாளுக்கு ஒரு முறை ஊதா மையில் தேதி முத்திரை. மொத்தம் பதினொன்று. எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரே உறுப்பினர் எண், 41.

யாரோ படிக்கிறார்கள். திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறார்கள். யார் அந்தப் புண்ணியவான் என்று கேட்டான்.

கோதண்டராமன் உறுப்பினர் பதிவேட்டை எடுத்து அவன் பக்கம் திருப்பினார். 41, செங்கமலம், ஆசிரியை, வடக்குப்பட்டு. பெயரின்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் ‘காலமானார், 1975.’

குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைச் சொன்னார். யாரும் எடுக்காத புத்தகத்தை இருபது வருடத்துக்கு ஒரு முறை கழித்துக்கட்டுவது இங்கே வழக்கம். அதற்குப் பயந்து, அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை தன் புத்தகத்தைத் தானே எடுத்துப் போய், தானே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். வேறு யாரும் அதைத் தொடவில்லையாம். ஒரு மழைக்காலத்தில் ஏரி மதகில் பிணமாகக் கிடைத்தாராம்.

“அப்போ இந்த சீல் யார் குத்துறது?”

“நான் குத்துறதில்ல சார்” என்றார் கோதண்டராமன். “அதுவா வுழுது.”

பயப்பட வேண்டிய இடம்தான். ஆனால் பரசுராமனுக்கு முதலில் வந்தது எரிச்சல். உயிரோடு இருக்கிறவர்கள் ஒருவரும் படிக்கவில்லை, கிடைத்த ஒரே வாசகியும் பிணம் என்றால் மனுஷனுக்கு ஆறுமா? பென்சில் சீவும் பிளேடை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு, இரண்டையும் இப்போதே பிரிக்கிறேன் என்று உள் அறைக்குப் போனான். கோதண்டராமன் தடுக்கவில்லை. வாசல் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தையல் நூலை அறுக்கத் தொடங்கியபோது கரண்ட் போனது.

ஓட்டின்மேல் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. பழைய காகித வாசனைக்கு நடுவில் வேறொரு வாசனை எழுந்தது. ஏரி வண்டல், அழுகிய அல்லித்தண்டு. அலமாரிகளுக்குப் பின்னால் யாரோ ஒரு தாளைப் புரட்டினார்கள்.

அவன் கை நின்றது.

இன்னொரு தாள்.

புத்தகம் அவன் மடியில்தான் இருந்தது.

எதிர்ப் பெஞ்சின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஓடு ஒழுகவில்லை. ஈரப் புடவை சொட்டுகிற சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

“அறுக்காதே தம்பி” என்றது ஒரு பெண் குரல், காதுக்கு வெகு அருகில். “இன்னும் எட்டுப் பக்கம் இருக்குது.”

அவன் அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். இருந்தாலும் எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்?

“எப்படி இருக்குது?” என்று கேட்டுவிட்டான்.

அலமாரிகளுக்குப் பின்னால் இன்னும் ஒரு தாள் புரண்டது.

பிறகு முன் அறையில், ஆளில்லாத மேசைமேல், டக்கென்று, முத்திரை விழுந்தது.

பரசுராமன் மீதி நூலை ஒரே இழுப்பில் அறுத்தான். செங்கமலத்தின் பாதியைப் பெஞ்சின்மேல் போட்டுவிட்டு, தன் பாதியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். செருப்பு அங்கேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் தன் பாதியை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். கங்கா கேட்டதற்குத் தலைவலி என்று சொன்னான். ‘மூடாத மதகு’ போனால் போகட்டும், அந்தத் தலைப்பைச் செங்கமலமே கட்டிக்கொண்டு அழட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு புது நாவலைத் தொடங்கினான். இந்த முறை உலகத்தில் ஒருவரும் வைத்திருக்க முடியாத தலைப்பு. யாரிடமும் மூச்சு விடவில்லை, கங்காவிடம்கூட. முதல் தாளில் தலைப்பையும் கீழே தன் பெயரையும் எழுதி, தினமும் அதே பெட்டியில் வைத்துப் பூட்டினான். சாவி அவன் இடுப்புக் கயிற்றில் இருந்தது.

ஒரு விஷயத்தை அவன் யோசிக்கவில்லை. தேதிச் சீட்டு ஒட்டியிருந்தது புத்தகத்தின் கடைசித் தாளில். அது அவனுடைய பாதியோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

பதினான்காம் நாள் காலை, வேலைக்குக் கிளம்புமுன் பெட்டியைத் திறந்தான். வண்டல் நாற்றம் முகத்தில் அடித்தது. சீட்டில் அன்றைய தேதி, ஊதா மை காயவில்லை. எதிரில் 41.

புது நாவலின் முதல் தாள் ஓரமெல்லாம் நனைந்திருந்தது. தலைப்பு அப்படியே இருந்தது. அவன் பெயரின்மேல் மட்டும் ஒரு கோடு. அதன்கீழே உருண்டை உருண்டையான எழுத்தில் ஒரு வரி.

‘இந்தத் தலைப்பிலும் நான் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், தம்பி.’