மூடியைப் பெயர்த்த மத்தியானம்

"ஏன்னா, உடம்பு கொதிக்கறது" என்றது நீரஜாவின் குரல். அடுத்த நொடி கம்ப்யூட்டர் அணைந்தது.

ராகவேந்திரன் மறுபடி பொத்தானை அழுத்திப் பார்த்தார். மனைவி போய்ப் பதினோரு மாதம். அவள் ஆன்லைனில் எடுத்த பாட்டு வகுப்புகளின் பதிவுகளையெல்லாம் இந்தப் பெட்டிக்குள் ஏற்றி, கேட்டதற்கு அவள் குரலில் பதில் சொல்ல வைத்திருந்தான் மகன் ஸ்ரீஹரி. ஸ்ருதி சேரல, இன்னொரு தரம் பாடு, தொண்டையை அழுத்தாதே என்று பேசுவதெல்லாம் வகுப்பில் பேசியதுதான். இந்த ஒரு வரி மட்டும் எந்த வகுப்பிலும் இல்லை. அதை அவள் சொன்னது கட்டிலில், அவரிடம் மட்டும்.

அன்று ராத்திரி அவர் கனத்த கம்பளியை எடுத்து அவளைக் கழுத்துவரை போர்த்தினார். "வேர்த்தா சரியாப் போயிடும். டாக்டர்ட்ட காலம்பற போலாம், தூங்கு" என்று சொல்லிவிட்டுத் தானும் தூங்கிப்போனார். விடிந்தபோது கம்பளிக்குள் அவள் சில்லிட்டிருந்தாள். இதை அவர் மகனிடம்கூடச் சொன்னதில்லை.

பெட்டி நாலு நிமிஷம்தான் தாங்கும். சூடு நூறு டிகிரியைத் தொட்டதும் அணைந்துவிடும். அவளிடம் மன்னிப்புக் கேட்க நாலு நிமிஷம் அவருக்குப் போதவில்லை. வேறு பெட்டியில் ஏற்றிப் பார்த்தால் குரலே வரவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட் மெக்கானிக் ஹனீஃபா வந்து பார்த்தார். "சிப்பு மேல ஒரு உலோக மூடி கீது சார். உள்ள சூட்ட இழுக்குற பேஸ்ட்டு காஞ்சிப்போச்சு, சூடு வெளிய வர்ல. மூடிய பேத்துட்டா அடங்கிடும். ஆனா பிளேடு வழுக்கிச்சுன்னா சிப்பு காலி. நான் கை வெக்க மாட்டேன்."

"நானே எடுத்துடறேன்" என்றார் ராகவேந்திரன். போர்த்திய கைதானே எடுக்க வேண்டும்.

கத்திரி வெயில் மயிலாப்பூரின் மொட்டைமாடிகளை வறுத்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சவர பிளேடை மூடியின் விளிம்பிலிருந்த கறுப்புப் பசைக்குள் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக அறுத்தார். தெருவில் போகும் ஆட்டோ, பக்கத்து வீட்டுக் குக்கர், தன் நெஞ்சின் அடிப்பு எல்லாம் ஒரே சத்தமாகக் காதில் விழுந்தன. மூடி பெயர்ந்தது. உள்ளிருந்து தைலமும் காய்ச்சல் வேர்வையும் கலந்த கம்பளி வாசனை எழுந்தது.

புதுப் பேஸ்ட் தடவினார். மூடியில்லாமலே சிப்பின் விசிறியைப் பொருத்திச் சுவிட்சைப் போட்டார்.

திரையில் சூடு ஐம்பது. பிறகு நாற்பது.

"நீரஜா, உன்னை நான் போத்தியிருக்கக் கூடாதுடி. ராத்திரியே தூக்கிண்டு ஓடியிருக்கணும்." வாய்விட்டு அழுதார். நாலு நிமிஷம் கடந்தது. பத்து நிமிஷமும் கடந்தது. பெட்டி அணையவில்லை. பதிலும் இல்லை.

முப்பது. அறையின் சூடே முப்பத்தெட்டு. இருபது. பத்து. பெட்டியின் மேல் நீர்த்துளிகள் அரும்பின.

"ஏன்னா, குளிர்றது."

பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது.

"குளிர்றதுன்னா. போத்தி விடுங்கோ."

அலமாரியில் அதே கம்பளி. தூக்கியெறிய மனம் வராமல் வைத்திருந்தது. பெட்டியைக் கட்டிலில் கிடத்திப் போர்த்தினார். வேறென்ன செய்வார், கேட்பது அவள்.

கம்பளி ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. பெட்டியைத் தாண்டி, கட்டிலின் கால்மாடு வரைக்கும். ஈரம் ஊறிப் பரவியது.

"வேர்த்துடுத்து" என்றது குரல். "டாக்டர்ட்ட காலம்பற போலாம். நீங்களும் தூங்குங்கோ."

கம்பளியின் ஓரம் அவர் பக்கமாக மெல்ல உயர்ந்தது, அவர் படுத்துக்கொள்ளும் அளவுக்கு.