15:00, தேநீர்

“நான் தூங்கல சார், சத்தியமா!”

வென்னா விம்மியதும் ஜாகோவின் கண்கள் கலங்கின. சற்றுமுன் தின்ற பாஸ்டி என்ற இறைச்சி அடையின் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டான். துப்பறிவாளர் ட்ரெமேனின் உதவியாளன் அழலாமா?

கார்ன்வால் கடலோரச் செயற்கைக்கோள் நிலையத்தில் ஆன்டெனாவைத் திருப்புவது வென்னாவின் வேலை. நேற்று கிரீன்விச் நேரம் 14:07-க்குத் தொடுவானில் எழுந்து பன்னிரண்டே நிமிடத்தில் மறையும் செயற்கைக்கோளிடமிருந்து முணுமுணுப்புகூட வரவில்லை. அவள் தூங்கிவிட்டாள் என்று முடிவுகட்டிய இயக்குநர் கார்லியன், மாலைக்குள் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது நிலையத்தின் கதவைத் திறந்தவர் காவலாளி பாஸ்கோ. ஊர்த் தேவாலயக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவரும் அவர்தான்.

“ரஷ்யாக்காரன் வேலை சார்,” என்றான் ஜாகோ. சுவர்க் கடிகாரம் இரண்டு காட்டியது. அவன் கைக்கடிகாரமும் அப்படியே. “பாத்தீங்களா, நமக்கும் விஞ்ஞானிங்க நேரம்தான்!”

ட்ரெமேனின் கடிகாரம் மூன்று காட்டியது. “ஞாயித்துக்கிழமை கோடை நேரம்னு ஊரே முள்ளை ஒரு மணி முன்னால தள்ளிச்சு. நீ மறந்துட்டேய்யா. கிரீன்விச் நேரத்தை மாத்தாதது இந்த நிலையம் மட்டும்தான்.”

“அந்தக் கடிகாரத்தை இன்னிக்குக் காலையில நானே சரிபார்த்தேன்,” என்றார் அங்கே நின்ற கார்லியன் விறைப்பாக.

அப்போது எடித்தம்மாவின் தேநீர் வண்டி கடகடத்தபடி உள்ளே வந்தது. ட்ரெமேன் வென்னாவின் பதிவேட்டைப் புரட்டினார். நேற்றைய பக்கத்தில், ‘15:00, தேநீர்.’

“ஏம்மா, நேத்து ஒரு மணி நேரம் லேட்டா வந்தீங்களா?”

“நானா? நல்லா கேட்டீங்க! கோயில் மணி மூணு அடிச்சா என் வண்டி உள்ள நிக்கும். நேத்தும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான்.”

“இன்னிக்கு நீங்க வந்தப்போ சுவர்ல ரெண்டு மணி. நேத்து மட்டும் எப்படி மூணு? நேத்து அந்தக் கடிகாரம் ஊர் நேரத்தைக் காட்டியிருக்கு. வென்னா ஒரு மணி முன்னாடியே தேடியிருக்கா. கோள் நிஜமா மேல போனப்போ, பாவம், தேநீர் குடிச்சு அழுதுட்டிருந்தா. பாஸ்கோ, ஞாயித்துக்கிழமை கோயில் கடிகாரத்தைத் தள்ளின கையோட...”

பாஸ்கோ தொப்பியைக் கசக்கினார். “கைப்பழக்கம் சார். நேத்து சாயந்தரம்தான் உறைச்சுது, திருப்பி வெச்சுட்டேன். இந்தப் புள்ள மேல பழி விழும்னு தெரியாது.”

“கோளோட அடுத்த வரவு எப்ப?” என்றார் ட்ரெமேன்.

“14:21,” என்ற வென்னா, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆன்டெனாவை நோக்கி ஓடினாள்.

அறையில் யாரும் தேநீரைத் தொடவில்லை. ஒலிபெருக்கி இரைந்தது, கரகரத்தது. பிறகு, பீப்... பீப்... பீப்.

“மூட்டையை அவிழ்த்துடும்மா,” என்றார் கார்லியன் மெதுவாக.

ஜாகோ மூக்கை உறிஞ்சினான். இந்த முறை பழி போட வெங்காயம்கூட இல்லை.