போகமாட்டேன் என்று எழுதிய தெரு

டொராண்டோவிலிருந்து சென்னைக்கு நாற்பது நிமிடத்தில் வந்து இறங்கிய யாழினி, பல்லாவரத்தில் அண்ணன் வீட்டுத் தெருவில் நான்கு மணி நேரமாக நடந்துகொண்டிருந்தாள். தெருமுனையிலிருந்து பன்னிரண்டாவது வீடு. பச்சைக் கேட் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் இன்னும் முனையிலிருக்கும் தையல்கடையைக்கூடத் தாண்டவில்லை.

ஆட்டோவிலும் ஏறிப் பார்த்துவிட்டாள். அவள் ஏறிய வண்டிக்கும் அதே தூரம்தான். ஒரு மணி நேரம் ஓட்டிய ஓட்டுநர் கும்பிடு போட்டு இறக்கிவிட்டு, காலி வண்டியோடு அரை நிமிடத்தில் அந்தப் பச்சைக் கேட்டைக் கடந்து போனார்.

தூரச்சுருக்கி வந்த பிறகு விமானப் பயணம் இப்படித்தான் ஆகிவிட்டது. பதின்மூவாயிரம் கிலோமீட்டரைச் சுருக்கலாம், அழிக்க முடியாது. சுருக்கிய தூரத்தைப் பயணி தன் பேரில் வேறெங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். அது அவருக்கு மட்டுமே தூரம். மற்றவர்களுக்குத் தெரு தெருவாகவே இருக்கும். ஆகவே டிக்கெட் எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள்: நீங்கள் இனி ஒருபோதும் போகாத இடம் எது? வெள்ளைக்காரர்கள் பாலைவனம், துருவப் பனி என்று எழுதினார்கள். நம் ஆட்கள் அவ்வளவு யோசிக்கவில்லை. சம்பந்தி வீடு, பங்காளி வீடு, நாத்தனார் வீடு என்று ரோஷத்தோடு எழுதிக் கொடுத்தார்கள்.

யாழினியின் கல்யாணத்துக்கு அண்ணன் செழியன் வரவில்லை. இனி அவன் வாசலை மிதிப்பதில்லை என்று சொன்னவள், சொன்னதோடு நிற்காமல் ஆறு பயணங்களிலும் அண்ணன் முகவரியையே பதிந்தாள். அப்போது அம்மா தாம்பரத்தில் தனியாக இருந்தாள். போன வாரம் மூச்சுத் திணறி விழுந்தவளை அண்ணன் தன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டான்.

இன்றைய தூரத்தை யாழினி சகாராவில் போட்டாள். பழையதை ரத்து செய்யச் சொல்லி விமான நிலையத்தில் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"பதிஞ்சத நடந்துதான் மேடம் கழிக்கணும்" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

எழுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்.

போன் அடித்தது. "எங்க இருக்க யாழி?" என்றான் செழியன்.

"தையல்கடைகிட்டதாண்ணா. அம்மாவ வாசலுக்காவது தூக்கிட்டு வாயேன்."

"டாக்டர் கூடாதுங்கறாரு. ஆக்சிஜன கழட்டினா தாங்காதாம்." அவன் குரல் உடைந்தது. "நான் வராதது தப்புதாண்டி. அதுக்காக இப்படியா எழுதுவ?"

அவன் போனை அம்மாவின் காதில் வைத்தான்.

"தெருமுனைலதான இருக்க? ஏன்டி உள்ள வரமாட்டேங்கற? அவன் மேல இன்னும் கோவமா?"

"இல்லம்மா. வந்துட்டே இருக்கேன்."

யாழினி செருப்பை உதறிவிட்டு ஓடினாள். மூச்சு முட்ட ஓடினாள். விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள். தையல்கடைக்காரர் தண்ணீர் நீட்டியபோது அந்த வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது. அவள் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் கையெழுத்தை நினைத்து நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள்.

மறுநாள் காலை பச்சைக் கேட்டை அகலத் திறந்தார்கள். செழியன் தீச்சட்டியோடு முன்னால் வந்தான். அவளருகே வந்ததும் நின்று திரும்பினான்.

"இறக்குங்கப்பா. என் தங்கச்சி பாத்துக்கட்டும்."

வீட்டு வாசலிலிருந்து அவளிடம் வந்து சேர அம்மாவுக்கு மூன்று நிமிடம் ஆனது.